அம்சம்மாவின் வானத்துக் கல்

எனக்குப் புகை ஆகாது. எட்டாம் வகுப்புச் சுவரை ஒட்டிச் சத்துணவுக் கூடத்தைக் கட்டச் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். ஐப்பசி மழையில் ஊறிய சவுக்கு விறகு. கரும்பலகையில் நான் எதை எழுதினாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பொறுக்க முடியாமல் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்சம்மா, நான் பாடம் நடத்தவா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே உட்காந்திருக்கவா?" என்று கத்துவேன். "சோறு வேணுமா படிப்பு வேணுமான்னு பிள்ளைங்களையே கேளுங்க சார்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிள்ளைகள் கும்பலாக "சோறு!" என்பார்கள். அதோடு என் மானம் கப்பலேறிவிடும்.

என் பெயர் ஹபீப் முகம்மது. சொந்த ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அல்லிக்கட்டளைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். நான் சொல்வது 1983-ஆம் வருஷத்துக் கதை. அம்சம்மா அங்கே சமையல் உதவியாளர். நாற்பதைத் தாண்டிய வயது. மூக்குத்தி இருந்த துளையில் ஈர்க்குச்சி. வெடுக்வெடுக்கென்று பேச்சு. அரிசியில் புழு இருந்தால் தலைமையாசிரியர் இராஜாங்கத்தையே கூப்பிட்டு, "இந்தாங்க, உங்க வீட்டுல இதைத் திம்பாங்களா?" என்று கேட்கிற ஆள்.

அவ்வளவு தைரியசாலி, அடுப்பு மூட்டும்போது மட்டும் மாறிப்போவார். தீ பிடிக்கிற நேரத்தில் முதுகுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மாடு கத்துது சார்."

"எந்த மாடு? இங்க ஏது மாடு?"

"பண்ணை மாடு. அது செத்துப் பதிமூணு வருஷம் ஆவுது. அடுப்பு பத்துற சத்தம் கேட்டாப் போதும், அதுவும் கூடவே கத்துது."

அந்தக் கதையை ஊரில் எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நான் அம்சம்மா சொன்னபடியே சொல்கிறேன்.

1970, தை மாதம். சம்பா அறுவடை. கூலித் தகராறு முற்றிப்போய்ப் பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தது. நம் ஆட்கள் யாரும் வயலில் இறங்குவதில்லை என்று விவசாயக் கூலிகளின் சங்கம் சொல்லிவிட்டது. பதிலுக்குப் பண்ணை, கடைத்தெருவில் இவர்களுக்கு யாரும் எதையும் விற்கக் கூடாது என்றது. உப்பு கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, தீப்பெட்டி கிடையாது. இருபது நாள் இப்படியே ஓடியது. அப்போது ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், பண்ணையின் களத்தில் இருந்த வைக்கோல் போர் தீப்பிடித்தது. காற்றில் கொட்டகைக்கும் பரவி, கட்டியிருந்த இரண்டு உழவு மாடுகள் கருகிச் செத்தன. மறுநாள் காலையில் போலீஸ் வந்து மருதையனைப் பிடித்துக்கொண்டு போனது. மருதையன் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். அம்சம்மாவின் வீட்டுக்காரர்.

அம்சம்மா சாட்சி சொன்னார். "வானத்துலேருந்து ஒரு கொள்ளி வந்து விழுந்துச்சு. அதுலதான் போரு பத்திக்கிச்சு" என்றார். எங்கள் பக்கத்தில் அடுப்பிலிருந்து இழுக்கிற கட்டையும் கொள்ளிதான். சுடுகாட்டில் வைப்பதும் கொள்ளிதான். வானத்தில் பாய்ந்து போகிற வெளிச்சமும் கொள்ளிதான். இன்ஸ்பெக்டர், "கொள்ளி விழுந்துச்சுன்னா யாரு கையிலேருந்து?" என்று கேட்டாராம். இவர் வானத்தைக் காட்டியிருக்கிறார். ஸ்டேஷனே சிரித்திருக்கிறது.

மூன்றாம் நாள், களத்தை ஒட்டிய உளுந்து வயலில் ஒரு குழியும் அதற்குள் ஒரு கருப்புக் கல்லும் இருந்ததை அம்சம்மா கண்டெடுத்தார். கோர்ட்டுக்கு மடியில் கட்டிக்கொண்டு போனார். எங்கள் மண் ஆற்று வண்டல். பத்து முழம் தோண்டினாலும் ஒரு கூழாங்கல் வராது. வயலில் கல் கிடந்தால் அது சர்வேக்காரன் நட்ட கல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அப்படித்தான் நினைத்தார். "எல்லைக்கல்லை உடைச்சு எடுத்துட்டு வந்திருக்கா. அதுக்கும் சேர்த்து ஒரு கேஸ் போடலாம் போலிருக்கே" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அந்த நேரத்துல அந்தக் களத்துப் பக்கம் உனக்கு என்ன வேலை?" என்று அதட்டினார்.

அம்சம்மா வாயைத் திறப்பதற்குள் கூண்டிலிருந்து மருதையன் கத்தினார்: "நான்தாங்க வச்சேன். அவளை விட்டுடுங்க."

அவ்வளவுதான். மூன்று வருஷம். திருச்சி ஜெயில்.

திரும்பி வந்தவருக்கு நெஞ்சில் சளி. இன்னும் மூன்று வருஷம் இருந்து செத்துப்போனார். அந்த மூன்று வருஷமும் அம்சம்மா அவரை ஏசியிருக்கிறார். "ஒரு வக்கீலு என்னை அதட்டுனா உனக்குப் பொறுக்கலையாக்கும்? வானம் வச்ச தீக்கு நீ எதுக்குய்யா உள்ள போனே?" என்பாராம். மருதையன் கோபப்பட்டதே இல்லையாம். "ஆமா புள்ள, வானந்தான் வச்சுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

மருதையன் போன பிறகும் பெயர் போகவில்லை. குடியானத் தெருவில் அவர் தீ வச்ச பயல். சொந்தத் தெருவில் போர் கொளுத்திய வீரர். தை மாதம் தவறாமல் சங்கக் கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். அம்சம்மாவுக்கு இரண்டு பேச்சுமே ஆகாது. "செஞ்சவனுக்கு மாலை போடு, வேணாங்கல. செய்யாத மனுசனுக்கு எதுக்குய்யா?" என்று கூட்டத்திலேயே சண்டை போடுவார். மருதையன் தீ வைக்கவில்லை என்று யாராவது ஒருவர் எழுத்தில் எழுதித் தர வேண்டும். அம்சம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தும் பிற்பாடு நான் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த நாள் வரும்வரை எனக்குப் பாதிதான் தெரியும். கல் விஷயம் தெரியாது.

அன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்த பாடம் விண்கற்கள். "நட்சத்திரம் விழுந்தா பூப் பேரு மூணு சொல்லணும் சார், இல்லாட்டி மறதி வந்துடும்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நட்சத்திரமாவது விழுவதாவது! அது விழுந்தா பூப் பேரு சொல்ல நீ இருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினேன். சூரியனைச் சுற்றி வெட்டவெளியில் அலைந்துகொண்டிருக்கும்வரை அது விண்கல். வெளிச்சம் இல்லை, நம் கண்ணுக்குத் தெரியாது. நம் காற்றுக்குள் தறிகெட்ட வேகத்தில் நுழைகிறபோது முன்னால் இருக்கிற காற்று நசுங்கிச் சூடேறிக் கல்லின் மேற்புறம் உருகி ஒளிவிடுகிறது. அந்த ஒளிக்கீற்றுக்குப் பெயர் எரிமீன். கல் பெரும்பாலும் கடுகளவு, சோளத்தளவுதான் இருக்கும். மேலேயே எரிந்து பொடியாகிவிடும். தப்பித் தவறிப் பெரிய கல்லாக இருந்து, மிச்சம் தரைக்கு வந்து சேர்ந்தால் அதற்குப் பெயர் விண்வீழ்கல்.

"நெசமாவே கல்லு விழுமா சார்?"

கேட்டது பிள்ளைகள் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு அம்சம்மா நின்றிருந்தார்.

"நெசமாத்தான் விழும்."

"புஸ்தகத்துல போட்டிருக்கா?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அம்சம்மா வீட்டுக்கு ஓடினார். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்துப் போனது.

பழைய வேட்டித் துணியில் சுற்றி அந்தக் கல்லைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் என் மேஜையில் வைத்தார். கை முஷ்டி அளவு. மேலே தார் பூசியதைப் போலக் கருப்புத் தோல். கட்டைவிரலால் அமுக்கின தடம் மாதிரிச் சின்னச் சின்னக் குழிவுகள். அளவுக்கு மீறிய கனம். லாடக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். பச்சக்கென்று ஒட்டியது. ஒரு மூலையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறம், ஊடே ஊசிமுனை மாதிரி இரும்பு மினுக்கம். இருபது வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பொருள் கையில் இருக்கிறது!

"அம்சம்மா, இது வானத்துக் கல்தான். சந்தேகமே வேணாம். கல்கத்தாவுல கல் ஆராய்ச்சி பண்ற கவர்மெண்டு ஆபீசுக்கு அனுப்பினா அவங்களே எழுதித் தருவாங்க."

அம்சம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்து அழுதார். அழுது முடித்துச் சிரித்தார். "எல்லைக்கல்லாம்ல, எல்லைக்கல்லு! அந்த வக்கீலு உசுரோட இருக்கானான்னு தெரியல. எழுதிக் குடுங்க சார். இது வானத்துக் கல்லு, இதுதான் போரைக் கொளுத்துச்சு, மருதையன் மேல குத்தமில்லைன்னு எழுதிக் குடுங்க."

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாத்தியார் புத்தி.

"முதல் பாதி எழுதித் தரேன். ரெண்டாவது பாதி தப்பு" என்றேன். "எரியறது மேல, பத்துப் பன்னிரண்டு மைல் உயரத்துல. அங்கேயே வேகம் அடங்கி வெளிச்சம் அணைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் வெறும் கல்லாத்தான் கீழ வரும், நீங்களோ நானோ விட்டெறிஞ்சா வருமே அப்படி. மேல காத்து பனிக்கட்டி மாதிரிக் குளிரு. தோல்தான் கொஞ்சம் உருகியிருக்கும், உள்ளே ஜில்லுன்னு இருக்கும். விழுந்த உடனே எடுத்து நீங்க மடியில கட்டிக்கலாம். வைக்கோல் பத்தாது. நீங்க பாத்த வெளிச்சம் வேற, விழுந்த கல் வேற. அதனாலதான் பெயரே வேற வேற."

"கொள்ளி விழுந்ததைக் கண்ணால பாத்தேன் சார்."

"வெளிச்சத்தைப் பாத்தீங்க. பக்கத்து வயல்ல விழுந்த மாதிரித்தான் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான்."

அம்சம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப கீழ வேற நெருப்பு இருந்திருக்கணும்?"

"கட்டாயம். யாரோ ஒரு ஆள் கொண்டுவந்த நெருப்பு" என்றேன், கணக்குக்கு விடை கண்டுபிடித்துவிட்ட பையனைப் போல.

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கொண்டுவந்தேன் சார்" என்றார் அம்சம்மா.

கடையில் தீப்பெட்டி தர மாட்டேன் என்ற நாட்கள். தெருவில் யார் வீட்டு அடுப்பாவது அணையாமல் இருந்தால் அங்கே போய் வரட்டியில் நெருப்பு வாங்கி வருவார்கள். அன்றைக்கு அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அம்சம்மா அடுத்த ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய், கொட்டாங்கச்சியில் கனன்றுகொண்டிருந்த வரட்டித் துண்டை வைத்து, காற்று படாமல் முந்தானையால் மறைத்து எடுத்து வந்திருக்கிறார். குறுக்கு வழி பண்ணையின் களத்தை ஒட்டிப் போகிறது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வரும்போது தலைக்கு மேலே வானம் பட்டப்பகலாகியிருக்கிறது. காலடியில் அவர் நிழலே ஓடியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இடி போல ஒரு முழக்கம். அப்புறம் எங்கேயோ பொத்தென்று ஒரு சத்தம். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் குப்புற விழுந்தவர், எழுந்து வாய்க்கால் பக்கம் ஓடியிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது போர் எரிந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரரு ஓடியாந்தாரு. ஊரே தீயைப் பாத்து ஓடுது, இவரு என்னைப் பாத்து ஓடியாராரு. 'வரட்டி எங்க புள்ள?'ன்னாரு. போட்டுட்டேன்னேன். என் மூஞ்சியையே பாத்தாரு. 'நெருப்பு வாங்கப் போனேன்னு யாருகிட்டயும் மூச்சு விடாத'ன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். 'சொல்லாதன்னா சொல்லாத'ன்னாரு. போலீசு என்னை அடிச்சுடுவான்னு பயப்படுறாருன்னு நெனச்சேன் சார். நான் வானத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த வரட்டி என் நெனப்புலயே இல்ல."

கூண்டிலிருந்து மருதையன் ஏன் கத்தினார் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. களத்துப் பக்கம் உனக்கு என்ன வேலை என்று கேட்ட வக்கீலுக்கு அம்சம்மா உண்மையைச் சொல்லியிருப்பார். சொல்ல விடாமல் அவர் முந்திக்கொண்டார்.

"மூணு வருசம் சார். ஒரே பாயில படுத்துக்கிட்டு மூணு வருசம் ஏசுனேன் அவரை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, பாவி மனுசன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் ஜன்னத் பீவியிடம் சொன்னேன். என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கல்லுதான்னு எழுதிக் கொடுத்துட்டுப் பேசாம வர வேண்டியதுதானே? எல்லாத்தையும் அடி நுனி விடாம சொல்லித்தான் ஆகணுமா உங்களுக்கு?" என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அம்சம்மா வேலைக்கு வந்தார். அடுப்பை மட்டும் மூட்டவில்லை. கூட வேலை பார்த்த வள்ளியம்மையை மூட்டச் சொல்லிவிட்டு, தீ பிடித்த பிறகு உள்ளே வந்தார். நான்கு நாள் பார்த்தேன். தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் சத்துணவுக் கூடத்துக்குப் போய் ஒரு பொய் சொன்னேன். "அம்சம்மா, நான் மறுபடியும் படிச்சுப் பாத்தேன். சில கல்லு நல்லாச் சூடா வந்து விழுமாம். இரும்பு அதிகமா இருந்தா அப்படி. வைக்கோல் பத்தினாலும் பத்தும்."

அம்சம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிள்ளைங்களுக்கு ஒரு பாடம், எனக்கு ஒரு பாடமா சார்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தை பிறந்தது. சங்கக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். "கல்லை எடுத்துக்கிட்டு வாங்க சார். நான் பேசுறேன். பேசி முடிச்சதும் நீங்க ஏறி வெளிச்சம் வேற, கல்லு வேறன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் சொன்னா வெளங்காது."

சாயங்காலம், கடைத்தெரு முனையில் மேடை. மருதையன் படத்துக்கு மாலை. கூட்டம் நடத்தியவர் ஐயாவு. அம்சம்மா வழக்கம்போலச் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார்.

"அவரு வைக்கல" என்றார் அம்சம்மா. "வானமும் வைக்கல. நான் பொய் சொல்லிட்டேன். தெரியாம சொன்னேன். அது என் கையில இருந்த நெருப்பு. நாந்தான். எனக்குப் பதிலா அவரு ஜெயிலுக்குப் போனாரு."

விசில் பறந்தது. ஐயாவு பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா தோழர்களே! பண்ணையின் போருக்குத் தீ வைத்த வீரமங்கை இத்தனை வருஷமா நம்ம கூடவே இருந்திருக்காங்க! புருஷனே பழியை ஏத்துக்கிட்டு..." கைதட்டலில் மீதி கேட்கவில்லை. "கை தவறி விழுந்துச்சுய்யா! பயந்துபோய்ப் போட்டேன்யா! ரெண்டு மாடு செத்துச்சுய்யா!" என்று அம்சம்மா கத்துவது எனக்குத் தெரிந்தது. வாய் அசைவதுதான் தெரிந்தது, மைக் அவரிடம் இல்லை. யாரோ படத்திலிருந்த மாலையையே கழற்றி அவர் கழுத்தில் போட்டார்கள்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். மடியில் கல்லை வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அரசாங்க வேலைக்காரன் மேடை ஏறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். அந்தக் கூச்சலுக்கு நடுவில் போய் எதை விளக்குவது?

பஸ் நிறுத்தத்துக்கு அம்சம்மா தனியாக நடந்து வந்தார். மாலை கழுத்தில் இல்லை. சாமந்தி இதழ் இரண்டு தலைமுடியில் ஒட்டியிருந்தது. கல்லை நீட்டினேன். வாங்கவில்லை. நான் ஏன் மேடைக்கு வரவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். அதையும் கேட்கவில்லை.

"கோர்ட்டுல வானம்னு சொன்னேன், சிரிச்சாங்க. இங்க நான்னு சொன்னேன், கை தட்டுறாங்க" என்றார். "யாருகிட்ட போய்ச் சொன்னா சார் இது குத்தமா எடுபடும்?"

மன்னார்குடி பஸ் வந்தது. கல்லோடு நான் ஏறிவிட்டேன்.